இரண்டாவது கம்பி, முதல் ஃபிரெட்

சி கார்டு.

மற்ற கம்பிகள் ஒலித்து அடங்குகின்றன. இரண்டாவது மட்டும் இரைகிறது.

விரலை நூலளவு முன்னால் தள்ளினால் இரைச்சல் நிற்கிறது. பழைய இடத்துக்கு வந்தால் திரும்புகிறது.

*

மேசை விளக்கைச் சாய்த்தால் தெரிகிறது. முதல் ஃபிரெட்டின் உச்சியில், இரண்டாவது கம்பிக்கு நேர் கீழே, ஒரு பள்ளம். கம்பியின் அகலமே அதன் அகலம். நகத்தை ஓட்டினால் நகம் விழுகிறது. பிறகு ஏறுகிறது.

கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறேன். பள்ளத்தின் அடி பளபளக்கிறது. சுற்றியுள்ள உலோகம் மங்கல்.

*

இரண்டாவது கம்பி, முதல் ஃபிரெட்: சி. ஏ மைனரும் அங்கேதான்.

முதல் கம்பி, மூன்றாவது ஃபிரெட்: ஜி.

முதல் கம்பி, இரண்டாவது ஃபிரெட்: டி கார்டு. இரண்டாவது கம்பி, மூன்றாவது ஃபிரெட்: அதுவும் டி.

ஐந்தைத் தாண்டினால் பள்ளங்கள் மெலிகின்றன. ஏழைத் தாண்டினால் இல்லை. பன்னிரண்டுக்கு மேல், கடையில் தொங்கியபோது இருந்த உலோகம் அப்படியே இருக்கிறது.

வாசிப்பு இவ்வளவுதான் என்று உலோகம் சொல்கிறது. மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

*

தடித்த கம்பிகளின் கீழே பள்ளம் இல்லை. அங்கே தேய்மானம் வேறு மாதிரி. சுற்றுக் கம்பி அகலமாகத் தேய்க்கிறது. வளைந்திருக்க வேண்டிய முதுகு தட்டையாகியிருக்கிறது.

*

கம்பி எஃகு. ஃபிரெட் ஜெர்மன் சில்வர்.

அதில் வெள்ளி துளியும் இல்லை. பாதிக்கு மேல் தாமிரம், மீதி துத்தநாகமும் நிக்கலும். ஃபிரெட்டுக்கு இழுக்கும் கம்பியில் நிக்கல் வழக்கமாக 18 சதவீதம். எஃகோடு வைத்துப் பார்த்தால் மெத்தென்ற உலோகம்.

விரல் அழுத்துகிறது. எஃகு மெத்தென்றதன் மேல் உட்காருகிறது, கொஞ்சம் அசைகிறது, எழுகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று போகிறது. போனது எங்கே என்று தேட முடியாது. துடைத்த துணியில் சாம்பல் நிறக் கறை இருக்கிறது, அவ்வளவுதான்.

*

சென்னையில் வியர்வையும் இதில் சேர்கிறது. உப்பு. வாசித்து முடித்துத் துடைக்காமல் வைத்த கம்பியில் துரு ஏறுகிறது. துருவேறிய கம்பி ஃபிரெட்டை இன்னும் சீக்கிரம் தின்கிறது.

கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் காப்போவைப் போட்டு வைத்து மறந்துபோன இரவுகளும் இதில் உண்டு. இரண்டாவது ஃபிரெட்டில் ஆறு கம்பிகளுக்கும் ஆறு தடங்கள்.

*

ரிப்பேர் செய்பவர் நீளமான இரும்பு ஸ்கேலை நெக்கின் மேல் வைத்து ஒரு கண்ணை மூடுகிறார். ஸ்கேலுக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே வெளிச்சம் வருகிற இடத்தில் நிற்கிறார். பிறகு சின்னதாக ஒரு இரும்புத் துண்டு. மூன்று ஃபிரெட்களின் மேல் ஒரே நேரத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். ஆடினால் நடுவிலிருப்பது உயரம். 'டக் டக்' என்கிறது.

அந்தச் சத்தம் ஆறாவதில் வருகிறது. வாசிக்காத இடத்தில்.

"தேஞ்சது ஒரு பக்கம் சார். எழும்பினது ஒரு பக்கம்."

*

புதிதாக இருக்கும்போது ஃபிரெட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இப்போது பள்ளத்தின் அடியில் அதில் பாதிதான் மிச்சம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், விரல் எவ்வளவு அழுத்தினாலும் கம்பி உலோகத்தில் சுத்தமாக உட்காருவதில்லை. விரல் முதலில் மரத்தைத் தொட்டுவிடுகிறது.

ஒரு மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் நடுவில் ஒரு கிதாரின் ஆயுள்.

*

வழிகள் மூன்று என்கிறார். லெவல் செய்வது. முதல் ஐந்து ஃபிரெட்டை மட்டும் மாற்றுவது. எல்லாவற்றையும் எடுத்துப் போடுவது.

நான்காவதை அவர் சொல்லவில்லை. விரலை நூலளவு முன்னால் தள்ளிக்கொண்டே வாசிப்பது.

*

லெவல் செய்வதென்றால்: பள்ளத்தை நிரப்ப வழியில்லை. மேட்டைத்தான் பள்ளம் வரை கொண்டுவர முடியும்.

ஃபிரெட்களின் முதுகில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுகிறார். உப்புத்தாள் ஒட்டிய நீளமான பட்டையை நெக்கின் நீளவாக்கில் ஓட்டுகிறார். உயர்ந்த இடத்தில் கறுப்பு உடனே போகிறது. தாழ்ந்த இடத்தில் நிற்கிறது. கறுப்பு எங்கும் மிஞ்சாத வரை தேய்க்கிறார். இருபது ஃபிரெட்டும், ஆழமான அந்த ஒரு பள்ளத்தின் அளவுக்கு இறங்குகின்றன.

தேயாத பன்னிரண்டாவதும்.

*

இறங்கியதும் எல்லா முதுகும் தட்டை. தட்டையாக விட முடியாது. கம்பி ஃபிரெட்டை ஒரு கோட்டில் தொட்டு விலக வேண்டும், அந்தக் கோடு நடுவில் இருக்க வேண்டும். தட்டையில் அது முன்விளிம்புக்குப் போய்விடுகிறது. சுருதி ஒரு மயிரிழை ஏறுகிறது, சில நேரம் சிதார் மாதிரி இரைகிறது.

அதனால் ஒவ்வொன்றையும் அரத்தால் இருபுறமும் சரித்து வளைவு எடுக்கிறார். நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கிறார். அந்தக் கோட்டை அரம் தொடக்கூடாது.

பிறகு தாள். 400, 600, 1000. கடைசியில் எஃகுப் பஞ்சு. மரத்தின் மேல் மாஸ்கிங் டேப்.

*

லெவல் ஒரு கிதாருக்கு இரண்டு அல்லது மூன்று முறை வரும். அதற்கு மேல் உலோகம் இருக்காது.

*

1954-இல் வந்த லெஸ் பால் கஸ்டம் கிதாரில் ஃபிரெட்கள் வேண்டுமென்றே தாழ்வு. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு. சிலருக்கு அது சுகம். இடது கை வழுக்கிக்கொண்டே போகிறது. கம்பியை இழுத்து வளைக்கப் பார்த்தால் விரல் மரத்தில் தேய்ந்து நிற்கிறது.

சுகமும் தடையும் ஒரே உயரத்தில்.

*

முதல் ஐந்து மட்டும் மாற்றினால் செலவு குறைவு. நியாயமாகவும் படுகிறது. தேய்ந்தது அந்த ஐந்துதானே.

ஆனால் புதிய ஐந்து உயரமாக வரும். பழைய பதினைந்தோடு ஒத்துப்போகும் வரை அவற்றை அரத்தால் இறக்க வேண்டும். புதிதாக வந்ததைப் பழையதாக்கிச் சேர்க்க வேண்டும்.

*

முழுதாக மாற்ற அமெரிக்காவில் 300 முதல் 500 டாலர் கேட்கிறார்கள். எஃகு ஃபிரெட் என்றால் அதற்கு மேல். ஒரு கிதாருக்கு வேண்டிய ஃபிரெட் கம்பியின் விலை இருபது டாலருக்குள் அடங்கிவிடும்.

மீதி எல்லாம் நேரம். அரை நாள், ஒரு நாள். ஒருவருடைய கழுத்து குனிந்திருக்கும் நேரம்.

இங்கே ரூபாயில் கேட்கும்போது அதைவிடக் குறைகிறது. ஆனாலும் இந்தக் கிதாரை இன்று விற்றால் வரும் பணத்தைவிட அதிகம்.

*

இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் ஒன்றுதான் வருகிறது. புதுக் கிதார் வாங்குவது புத்திசாலித்தனம்.

புத்திசாலித்தனம் என்ற எண்ணம் வருகிறது. சற்று நேரம் இருக்கிறது. போகிறது.

*

லூட் என்ற பழைய நரம்பு வாத்தியத்தை வாசித்தவர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை. அவர்களுடைய ஃபிரெட் உலோகம் இல்லை. ஆட்டுக்குடல் நரம்பு. நெக்கைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டுவது. தேய்ந்தால் வாசிப்பவரே அறுத்துவிட்டு வேறொன்று கட்டிக்கொள்கிறார். சுருதி சேரவில்லை என்றால் கட்டைவிரலால் தள்ளுகிறார்.

பழைய கிதார்களிலும் அப்படித்தான். பிறகு உலோகம் வருகிறது, மரத்தில் இறங்கி உட்காருகிறது. அன்றிலிருந்து இன்னொருவரிடம் போக வேண்டியிருக்கிறது.

*

1581. ஃபிளாரன்ஸ். வின்சென்ஸோ கலிலெய் ஒரு புத்தகம் அச்சிடுகிறார். லூட் வாசிப்பவர். வானத்தைப் பார்க்கப்போகும் கலிலியோவின் அப்பா.

கம்பியின் நீளத்தைப் பதினெட்டாகப் பங்கிட்டால் முதல் பங்கு முடியும் இடத்தில் முதல் ஃபிரெட். மிச்ச நீளத்தை மறுபடி பதினெட்டாகப் பங்கிட்டால் இரண்டாவது. இப்படியே.

பன்னிரண்டாவது படி கம்பியின் சரிபாதியில் வர வேண்டும். வருவதில்லை. கொஞ்சம் முன்பே நின்றுவிடுகிறது. இன்றைய கிதாரின் அளவில் போட்டுப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இப்போது பதினெட்டுக்குப் பதில் 17.817. கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் முதல் ஃபிரெட் 36.4-இல். பன்னிரண்டாவது 324-இல். சரிபாதி.

*

உலோகம் மாறினாலும் இந்த இடங்கள் மாறுவதில்லை. மரத்தில் அறுத்த பிளவு அறுத்ததுதான். புது ஃபிரெட் கம்பி பழைய பிளவில்தான் இறங்க வேண்டும்.

தொழிற்சாலையில் யாரோ ஒரு பிளவை மயிரிழை தள்ளி அறுத்திருந்தால், அந்த மயிரிழை எத்தனை ஃபிரெட் மாற்றினாலும் அங்கேயே இருக்கிறது.

*

வீணையில் இடமே மெழுகில் இருக்கிறது.

24 மெட்டுகள், வீணையின் ஃபிரெட்கள். இருபுறமும் கறுப்பு மெழுகு வரம்பு. தேன்மெழுகும் கரியும் கலந்தது. மெழுகு வருஷக்கணக்கில் இறுகி, வெடித்து, மெட்டு ஆட்டம் காணும்போது வீணை, மேளம் கட்டுகிறவரிடம் போகிறது. பழைய மெழுகை எடுக்கிறார். இளக்குகிறார். புதிதாக வரம்பு கட்டுகிறார். ஒவ்வொரு மெட்டையும் வைத்து, மீட்டிக் கேட்டு, தள்ளி, மறுபடி மீட்டி, விடுகிறார்.

அளவுகோல் இல்லை. காது மட்டும். ரகுநாத நாயக்கர் காலத்துத் தஞ்சாவூரில் 24 என்று நிலைத்ததாகச் சொல்லும் இந்த மெட்டுகள், ஒவ்வொரு வீணையிலும் யாரோ ஒருவருடைய காதின் இடத்தில் நிற்கின்றன.

வீணையின் மெட்டும் தேய்கிறது. அங்கேயும் எஃகுக் கம்பி. அங்கேயும் பள்ளம்.

*

வீணையில் மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் விரலுக்குக் கீழே மரம் தட்டுவதில்லை. வெற்றிடம். கம்பியை இழுத்தால் ஸ்வரம் ஏறிக்கொண்டே போகிறது. எதுவும் தடுப்பதில்லை.

கிதாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கிறார். 1970-களில் சக்தி குழுவில் அவர் வாசிக்கும் கிதாரில் ஃபிரெட்களுக்கு நடுவிலிருக்கும் மரம் குடைந்து எடுக்கப்பட்டிருக்கிறது. விரல் உலோகத்தையும் காற்றையும் மட்டும் தொடுகிறது.

மரத்தை எடுத்தால் வைக்க முடியாது. உயரமான ஃபிரெட் போட்டால் அதில் கொஞ்சம் கிடைக்கிறது, மரமும் மிஞ்சுகிறது.

*

தோடியின் காந்தாரத்தைக் கிதாரில் எடுத்துப் பார்க்கிறேன். கம்பி குறுக்கே இழுபடுகிறது. பள்ளத்தில் உட்கார்ந்திருந்த கம்பி, சுவரைத் தாண்டி ஏறும்போது கிறீச்சிடுகிறது. அந்த இடத்தில் அசைவு இரண்டாக உடைகிறது.

பிரசன்னா மாதிரி கிதாரிலேயே கச்சேரி செய்பவர்களின் ஃபிரெட் எப்படித் தேயும் என்று நினைப்பு போகிறது. குறுக்காக, நெடுக்காக, நெக் முழுவதும். ஒரே இடத்தில் குழி விழ நேரமிருக்காது.

மறுபடி சி. மறுபடி இரைச்சல்.

*

கடையில் வேறொருவருடைய கிதார் மேசையில் கிடக்கிறது. கம்பிகள் இல்லை. நெக்கின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டும் இல்லை. கழுத்துக்குக் கீழே சின்ன மணல் மூட்டை.

சால்டரிங் அயர்னின் முனையை ஃபிரெட்டின் ஓரத்தில் வைக்கிறார். மெதுவாக மறு ஓரம் வரை கொண்டுபோகிறார். திரும்ப. உலோகம் சூடேறுகிறது. அடியில் பழைய பசை இளகுகிறது. ரோஸ்வுட்டின் எண்ணெய் சூட்டில் வெளியே வருகிறது. இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை.

இடுக்கியின் வாயைத் தட்டையாகச் சாணை பிடித்து வைத்திருக்கிறார். மரத்தோடு ஒட்டி உட்காருவதற்கு. ஓரத்தில் கடிக்கிறார். இழுப்பதில்லை. இடுக்கியை மூடுகிறார், அவ்வளவுதான். ஃபிரெட் தானாக ஒரு மயிர் உயர்கிறது. அடுத்த இடம். மூடுகிறார். அடுத்த இடம்.

எங்கும் அவசரம் இல்லை. வானொலியில் ஏதோ விளம்பரம்.

பாதி வழியில் 'பிட்' என்று ஒரு சத்தம். கடுகளவு மரச் செதில் மேலே வருகிறது. ஃபிரெட்டின் வாலில் சிறு பற்கள் உண்டு. அவை மரத்தைக் கடித்துக்கொண்டிருப்பவை. வெளியே வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. அவர் செதிலைக் குறடால் எடுத்து அதே இடத்தில் வைக்கிறார். ஒரு துளி சூப்பர் குளூ. விரலால் அல்ல, ஒரு பிளாஸ்டிக் தாளால் அழுத்துகிறார்.

எண்ணுவது கேட்கிறது. உதட்டுக்குள்.

*

ஃபிரெட் போன இடத்தில் கறுப்பு மரத்தின் குறுக்கே வெறும் பிளவுகள். அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிக அகலம். உள்ளே பழைய பசையும் தூசியும். மெல்லிய ரம்பத்தால் சுரண்டுகிறார். தூள் கறுப்பாக விழுகிறது. யாருடைய விரல் அழுக்கு என்று தெரியாது.

*

எடுத்த ஃபிரெட்கள் ஒரு டப்பா மூடியில். வளைந்தவை, நெளிந்தவை.

"எடுத்துக்கிறீங்களா சார், சில பேரு கேப்பாங்க."

கிதார் என்னுடையதில்லை என்கிறேன்.

*

புது ஃபிரெட் கம்பி சுருளாக வருகிறது. நெக்கின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைத்துக்கொள்கிறார். முதலில் இரண்டு ஓரங்கள். பித்தளைச் சுத்தியல். பிறகு நடு. ஓரம் இறங்கிய பிறகு நடுவை அடித்தால் கம்பி விரிந்து பற்கள் பக்கவாட்டில் மரத்தைப் பிடிக்கின்றன.

சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்கிறார். உட்காராத ஃபிரெட்டில் அடி விழுந்தால் துள்ளுகிற சத்தம். உட்கார்ந்ததும் சத்தம் கெட்டியாகிறது. அதற்கு மேல் ஒரு அடிகூட இல்லை.

*

மார்ட்டின் கிதார்களில் 1934 வரை ஃபிரெட் என்பது பட்டையான உலோகத் துண்டு. வால் கிடையாது. 1985 வரை நெக்குக்குள் திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராடும் கிடையாது. அந்த நெக் வளைந்தால் ரிப்பேர்க்காரர் வால் தடித்த ஃபிரெட்டைப் பிளவில் இறுக்கி அடிக்கிறார். இருபது ஆப்பு இறங்கியதும் கழுத்து பின்னால் நிமிர்கிறது.

அங்கே ஃபிரெட் சுருதிக்கு மட்டும் இல்லை. கழுத்தைத் தாங்குவதும் அதுதான்.

பழைய ஃபெண்டரில் வேறு சங்கதி. 1980-களின் தொடக்கம் வரை பக்கவாட்டிலிருந்து செருகியவை. தெரியாமல் மேல்நோக்கிப் பிடுங்கினால் மரமும் கூடவே வருகிறது. வந்த வழியே பக்கவாட்டில் தட்டி எடுக்க வேண்டும்.

*

மேப்பிள் ஃபிரெட்போர்டு என்றால் மேலே வார்னிஷ் இருக்கும். உரியும். மறுபடி பூச வேண்டும். அதற்குத் தனிக் காசு. ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தால் ஃபிரெட்டின் வாலை இரு முனையிலும் வெட்டி, பட்டைக்கு மேல் தொங்க விட வேண்டும். அதற்கும் தனி. ஃபிரெட் உயர்ந்தால் பழைய நட்டின் காடிகள் தாழ்வாகிவிடும். புது நட்.

இந்தக் கிதாரில் வார்னிஷும் இல்லை, பட்டையும் இல்லை. எளிய மரம். முதல்முறையாக எளிமை மலிவாகவும் இருக்கிறது.

*

ஃபிரெட்களை எடுத்த பிறகு மரத்தையும் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். கொஞ்சம்தான். அம்மி கொத்துவது நினைவுக்கு வருகிறது. மிளகாய் வழுக்க ஆரம்பித்ததும் கொத்துகிறார்கள், மறுபடி அரைகிறது. ஒவ்வொரு கொத்திலும் கல் மெலிகிறது.

ஸ்டீவி ரே வானின் 'நம்பர் ஒன்' கிதார். தடித்த கம்பிகள், அகலமான ஃபிரெட்கள், வலுவான கை. மாற்றி மாற்றி ஒரு கட்டத்தில் அந்த நெக் இன்னொரு ஃபிரெட்டைத் தாங்காது என்றாகிறது. வேறொரு கிதாரின் நெக்கைக் கழற்றி மாட்டுகிறார்கள்.

பெயர் மாறவில்லை. நம்பர் ஒன்தான்.

*

எஃகு ஃபிரெட் தேயாது என்கிறார் ரிப்பேர் செய்பவர். தேயாது என்று எதுவும் இல்லை. ஆனால் பல மடங்கு தாங்கும். 1993-இல் வந்த பார்க்கர் ஃப்ளை கிதாரில் எஃகு ஃபிரெட்தான், அதுவும் வாலே இல்லாமல் மேலே ஒட்டியது.

அரம் மழுங்குகிறது, வெட்டும் இடுக்கியின் வாய் போகிறது. அதனால்தான் கூலி அதிகம். நியாயம்.

நடுவில் ஒன்று உண்டு. பொன்னிறம். தாமிரக் கலவை, நிக்கல் இல்லாதது. நிக்கல் பட்டால் விரலில் அரிப்பு வருகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஜெர்மன் சில்வரைவிடக் கெட்டி, எஃகைவிட மெது.

எஃகு போட்டால் ஒலி கூர்மையாகிவிடும் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்குத் தெரிவதில்லை. விரலுக்குத் தெரிகிறது. எஃகின் மேல் கம்பி வழுக்குகிறது, நின்ற இடத்திலேயே.

*

தேயாத ஃபிரெட் என்று நினைக்கும்போது உள்ளே லேசாக ஒரு தயக்கம்.

ஏன் என்று கேட்கவில்லை. தயக்கம் அதுபாட்டுக்கு இருக்கிறது.

*

உயரமான ஃபிரெட்டில் பழைய கையோடு வாசித்தால் சுருதி ஏறுகிறது. அதிகம் அழுத்துவதால். கம்பி ஃபிரெட்டைத் தொட்ட பிறகும் விரல் மரத்தைத் தேடிக் கீழே போகிறது, கம்பி இன்னும் இழுபடுகிறது.

தேய்ந்த ஃபிரெட்டில் அந்த அழுத்தம் வேண்டியிருந்தது. புதியதில் வேண்டாம். கைக்கு அது தெரிய நாளாகும்.

அழுத்தம் இப்போது எவ்வளவு என்று கவனிக்கிறேன். நடுவிரலின் நுனி வெளுத்திருக்கிறது. கட்டைவிரல் நெக்கின் பின்னால் மரத்தை நெரிக்கிறது. தளர்த்தினால் இரைகிறது. நெரித்தால் நிற்கிறது. இரைச்சலுக்கும் வலிக்கும் நடுவில் மிகச் சிறிய ஒரு இடம்.

அங்கே சிறிது நேரம்.

*

1982-இல் வந்த ஒரு இளையராஜா பாட்டின் தொடக்கத்தைக் கிதார் பிடித்தவர்கள் எல்லோரும் இங்கே வாசித்துப் பார்க்கிறார்கள். எத்தனை வீடுகளில், எத்தனை முதல் மூன்று ஃபிரெட்கள் அதற்கே தேய்ந்திருக்கும்.

*

விசிறி ஓடுகிறது. திறந்த ஆறு கம்பிகளும் மெல்ல ஒலிக்கின்றன, யாரும் தொடாமல். திறந்த கம்பிக்கு ஃபிரெட் வேண்டாம். தேய்மானமும் இல்லை.

*

ஃபிரெட் மாற்றிய கிதாரைச் சில வாரம் கழித்து மறுபடி கொண்டுவரச் சொல்கிறார். இருபது ஆப்பு இறங்கிய மரம் உடனே அடங்காது. கம்பியின் இழுப்பு ஒரு பக்கம், ஃபிரெட்டின் நெருக்கல் ஒரு பக்கம். டிரஸ் ராடில் கால் திருப்பு வேண்டியிருக்கும். ஓரங்கள் கையைக் கீறினால் அதையும் பார்க்கிறேன் என்கிறார். இருபது ஃபிரெட்டுக்கு நாற்பது ஓரம். நாற்பதையும் கையால்தான் உருட்ட வேண்டும்.

அதற்குக் காசில்லை.

*

தேதி கேட்கிறார். ஐப்பசி மழை போகட்டும் என்று அவரே சொல்கிறார். ஈரத்தில் மரம் உப்பியிருக்கும்.

எந்த ஃபிரெட் கம்பி என்பதும் மீதி. மேசையில் மூன்று துண்டுகளை வைக்கிறார். தாழ்ந்தது, நடுத்தரம், உயரம். மூன்றையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். கண்ணால் பார்க்கும்போது இருக்கும் வித்தியாசம் விரலுக்கு இல்லை. பிறகு விரலுக்கு இருக்கும் வித்தியாசம் கண்ணுக்கு இல்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

முன்பணம் பாதி. நட் இந்தக் கணக்கில் இல்லை. பிளாஸ்டிக் என்றால் ஒரு விலை, எலும்பு என்றால் இன்னொன்று. எலும்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.